யூரினில் சர்க்கரை வந்திருக்கிறது, அடுத்து எந்த டெஸ்ட்?

வேலையில் சேர்வதற்கோ இன்சூரன்ஸுக்கோ யூரின் கொடுத்திருப்பார்கள். சர்க்கரையை யாரும் தேடியிருக்க மாட்டார்கள். ஆனால் ரிப்போர்ட்டில் ஒரு வரி: ‘சர்க்கரை ++’. அன்றிலிருந்து ஆளாளுக்கு ஒரு யோசனை. இன்னொரு தடவை யூரினே கொடுத்துப் பார் என்பார் ஒருவர். மூன்று மாத டெஸ்ட் எடுத்தால் எல்லாம் தெரிந்துவிடும் என்பார் இன்னொருவர். மெஷின் வாங்கி வீட்டிலேயே விரலைக் குத்திப் பார்க்கச் சொல்பவர் உண்டு, கையில் சென்சார் ஒட்டிக்கொள்ளச் சொல்பவரும் உண்டு. கேட்டவருக்குத் தலை சுற்றும். கடைசியில் எதையும் செய்யாமல் ரிப்போர்ட்டை மடித்து வைத்துவிடுபவர்கள்தான் எனக்குக் கவலை.

என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கர்ப்பமில்லாத, அவசர அறிகுறி எதுவும் இல்லாத பெரியவர்களுக்கு அடுத்த படி ரத்தம். வெறும் வயிற்றுச் சர்க்கரையும் ஹெச்பிஏ1சியும் (மேலே சொன்ன மூன்று மாத டெஸ்ட்) ஒரே காலையில், ஒரே ஊசிக் குத்தில். கூடவே அதே நேரத்தில் ஒரு யூரினும். மற்ற டெஸ்ட்கள் வீண் என்று சொல்லவில்லை. அவற்றுக்கென்று ஆட்கள் இருக்கிறார்கள், அவர்கள் யார் என்பதைத்தான் கீழே பார்க்கப் போகிறோம்.

(இங்கே வரும் ரத்தச் சர்க்கரை எண்கள் எல்லாம் ஒரு டெசிலிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்ற கணக்கு. 18ஆல் வகுத்தால் மில்லிமோல் கணக்கு வந்துவிடும்.)

## ஏரியா, கலிங்கா?

சிறுநீரகம் ஒரு நாளைக்குச் சுமார் 180 லிட்டர் நீரை ரத்தத்திலிருந்து வடிகட்டுகிறது. அந்த நீரோடு குளுக்கோஸும் வடிந்து வரும். ரத்தச் சர்க்கரை 100 என்று வைத்துக்கொண்டால் ஒரு நாளில் வடியும் குளுக்கோஸ் கிட்டத்தட்ட 180 கிராம். அவ்வளவையும் சிறுநீரகக் குழல்கள் திரும்ப உறிஞ்சி ரத்தத்துக்கே அனுப்பிவிடுகின்றன. இந்த வேலையில் ஏறக்குறைய 90 சதவீதத்தை எஸ்ஜிஎல்டி2 என்ற புரதம் பார்க்கிறது. உறிஞ்சுவதற்கு ஓர் எல்லை உண்டு. பெரும்பாலானவர்களுக்கு ரத்தச் சர்க்கரை 180ஐத் தாண்டும்போது மிச்சம் யூரினில் வழியத் தொடங்கும்.

ஏரி நிரம்பினால் கலிங்கு வழியாகத் தண்ணீர் வெளியேறும். கலிங்கையே தாழ்வாகக் கட்டிவிட்டாலோ, பாதி ஏரியிலேயே வழியும். யூரினில் சர்க்கரை என்பது வழிந்த தண்ணீரை மட்டும் பார்ப்பது. ஏரி நிரம்பியதா, கலிங்கு தாழ்வா என்று அது சொல்லாது. அடுத்து எடுக்கும் எந்த டெஸ்டும் இந்தக் கேள்விக்குப் பதில் தருகிறதா என்பதுதான் முதல் அளவுகோல்.

## தேர்வு செய்ய நேரமில்லாதவர்கள்

ஒப்பீட்டுக்குள் போகும் முன் இவர்களை விலக்கிவிட வேண்டும். யூரினில் சர்க்கரையோடு கீட்டோனும் (சர்க்கரையைப் பயன்படுத்த முடியாமல் உடம்பு கொழுப்பை எரிக்கும்போது சேரும் அமிலப் பொருள்) இருந்து, வாந்தி, வயிற்று வலி, மூச்சு வாங்குவது, அசாதாரணத் தூக்கக் கலக்கம் இவற்றில் ஏதாவது இருந்தால், நாளைக் காலை வெறும் வயிற்றில் டெஸ்ட் கொடுக்கலாம் என்று காத்திருக்கக் கூடாது. அன்றே, அப்போதே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

குழந்தைகளுக்கு இன்னும் கண்டிப்பு. ஓயாத தாகம், திடீரென்று மறுபடி படுக்கையை நனைப்பது, எடை குறைவது, இவற்றோடு யூரினில் சர்க்கரை என்றால் அன்றைக்கே ரத்தச் சர்க்கரை பார்த்தாக வேண்டும். முதல் வகை நீரிழிவு சில நாட்களில் முற்றிவிடக் கூடியது. இங்கே எந்த டெஸ்ட் மலிவு, எது வலிக்காது என்ற பேச்சுக்கே இடமில்லை.

## டெஸ்டுக்கு முன்பே பதில் இருக்கலாம்

இன்னொரு கூட்டமும் டெஸ்டுக்கு ஓடத் தேவையில்லை. டபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின், கேனகிளிஃப்ளோசின் என்று ‘கிளிஃப்ளோசின்’ என முடியும் மாத்திரைகள் சாப்பிடுகிறவர்கள். மேலே சொன்ன எஸ்ஜிஎல்டி2 புரதத்தைத் தடுப்பதுதான் இவற்றின் வேலை. அதாவது கலிங்கை வேண்டுமென்றே தாழ்த்திவிடும் மருந்து. யூரினில் நான்கு பிளஸ் வந்தால் மாத்திரை வேலை செய்கிறது என்று பொருள்.

எனக்குத் தெரிந்த ஒருவருக்கு இதய பலவீனத்துக்காக இந்த மாத்திரை எழுதியிருந்தார்கள். அவருக்கு நீரிழிவே கிடையாது. யூரின் ரிப்போர்ட்டைப் பார்த்துப் பதறி, மாத்திரையைத் தானாக நிறுத்திவிட்டார். இரண்டு வாரத்தில் கால் வீங்கி, மூச்சு வாங்கிய பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. இந்த மருந்து இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும்கூடக் கொடுக்கப்படுகிறது என்பது பலருக்குத் தெரிவதில்லை. ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: இந்த மாத்திரை சாப்பிடும்போது வாந்தி, சோர்வு, மூச்சு வாங்குதல் வந்தால், ரத்தச் சர்க்கரை ஓரளவு சரியாக இருந்தாலும் கீட்டோன் ஏறியிருக்கலாம். உடனே டாக்டரைப் பார்க்க வேண்டும்.

குளுக்கோஸ் டிரிப் ஏறிக்கொண்டிருந்தபோது எடுத்த யூரின், ஸ்டீராய்டு மருந்து சாப்பிட்ட வாரத்தில் எடுத்த யூரின், கடுமையான காய்ச்சலின் நடுவில் எடுத்த யூரின், இவையும் இந்தப் பட்டியலில் சேரும். டிரிப் என்றால் கதை அதோடு முடிந்தது. ஸ்டீராய்டும் காய்ச்சலும் அப்படியல்ல. அவை சும்மா இருந்த நீரிழிவைக் கிளறிவிட்டிருக்கலாம், அதனால் உடம்பு தேறிய பிறகு ரத்தம் பார்ப்பது நல்லது.

## எதை வைத்து எடை போடுவது?

நான் பார்ப்பது நான்கு விஷயங்கள். முதலாவது, மேலே சொன்னது: ஏரியா கலிங்கா என்று சொல்லுமா? இரண்டாவது, எந்தக் காலத்தைக் காட்டுகிறது? ஒரு நொடியையா, சில மணி நேரத்தையா, சில மாதங்களையா? மூன்றாவது, யாரிடம் பொய் சொல்லும்? ஒவ்வொரு டெஸ்டுக்கும் அது தவறிப்போகும் ஆட்கள் உண்டு. நான்காவது, பில்லில் வராத செலவு: பட்டினி, லீவு, திரும்பத் திரும்ப வாங்க வேண்டிய பொருள், வீண் பயம்.

## யூரினையே மறுபடி பார்ப்பது

குத்தல் இல்லை, வலி இல்லை, சில நிமிடத்தில் முடிந்துவிடும். அதனால்தான் எல்லோருக்கும் முதலில் இது தோன்றுகிறது.

ஸ்ட்ரிப்பைக் கையில் எடுத்துப் பாருங்கள். குச்சி மாதிரி ஒரு பிளாஸ்டிக் பட்டை, அதன் நுனியில் சின்னக் கட்டம். யூரினில் ஒரு முறை முக்கி, ஓரத்தில் தட்டி, கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். கட்டத்துக்குள் இருக்கும் நொதி குளுக்கோஸோடு சேர்ந்து ஹைட்ரஜன் பெராக்சைடை உண்டாக்க, அது நிறத்தை மாற்றுகிறது. பல ஸ்ட்ரிப்களில் 30 நொடியில் நிறத்தைப் படித்துவிட வேண்டும். குப்பி லேபிளில் நேரம் போட்டிருக்கும். ஐந்து நிமிடம் கழித்து வந்து பார்த்தால் நிறம் மேலும் கறுத்திருக்கும், ஒரு பிளஸ் இரண்டாகத் தெரியும். மூடியைச் சரியாக மூடாத குப்பி, காலாவதியான குப்பி, சூடான அறையில் கிடந்த குப்பி எல்லாமே தப்பான பதிலைத் தரும்.

வைட்டமின் சி மாத்திரையை அதிகமாகச் சாப்பிட்டிருந்தால் அந்தப் பெராக்சைடை அது தின்றுவிடும். சர்க்கரை இருந்தும் ஸ்ட்ரிப் ‘இல்லை’ என்று சொல்லும். ப்ளீச்சிங் திரவத்தில் கழுவிய டப்பாவில் பிடித்தால் இல்லாத சர்க்கரையை இருப்பதாகக் காட்டும். பழைய முறையான பெனடிக்ட் கரைசலில், அதாவது சூடாக்கினால் நீலம் பச்சையாகி மஞ்சளாகிச் செங்கல் நிறம் வரும் அந்த முறையில், வைட்டமின் சி தலைகீழாக வேலை செய்து பொய்யாகச் சர்க்கரையைக் காட்டக் கூடும். ஒரே மாத்திரை, இரண்டு முறைகளில் இரண்டு எதிரெதிர் பொய்கள்.

ஆனால் இதெல்லாம் சின்னக் குறைகள். பெரிய குறை வேறு. ரத்தச் சர்க்கரை 90 இருக்கிறவருக்கும் 170 இருக்கிறவருக்கும் யூரின் ஒரே பதிலைத்தான் சொல்லும்: ‘இல்லை’. வயதானவர்கள் சிலருக்குக் கலிங்கு உயர்ந்துவிடும், 200 தாண்டினாலும் யூரின் சுத்தமாகவே இருக்கும். சர்க்கரை தாழ்ந்துபோவதை யூரினால் கண்டுபிடிக்கவே முடியாது. போதாக்குறைக்கு, கையில் இருக்கும் யூரின் பல மணி நேரமாகச் சிறுநீர்ப்பையில் சேர்ந்தது. இந்த நிமிடத்து நிலவரம் அதில் இல்லை.

மறுபடி எடுத்த யூரின் சுத்தமாக இருந்தால், ‘அப்பாடா’ என்று விட்டுவிடுவதுதான் இதன் மறைமுகச் செலவு. முதல் யூரின் நன்றாகச் சாப்பிட்ட பிறகு எடுத்ததாகவும் இரண்டாவது விடியற்காலையில் எடுத்ததாகவும் இருக்கலாம். இரண்டுமே உண்மை சொல்லியிருக்கும், நீங்கள்தான் தப்பாகப் புரிந்துகொண்டிருப்பீர்கள்.

இது பொருந்துகிற இடம்: முதல் டெஸ்டில் டப்பா, ஸ்ட்ரிப், நேரம் என்று ஏதோ சந்தேகம் இருக்கும்போது. அப்போதும் ரத்தத்துக்குத் துணையாக, ரத்தத்துக்குப் பதிலாக வேண்டாம்.

## வெறும் வயிற்று ரத்தச் சர்க்கரை

குறைந்தது 8 மணி நேரம் எதுவும் சாப்பிடாமல், தண்ணீர் மட்டும் குடித்துவிட்டு எடுப்பது. 100க்குக் கீழே இருந்தால் இயல்பு. 100 முதல் 125 வரை நீரிழிவுக்கு முந்தைய நிலை (உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் இது 110இல் தொடங்கும்). 126 அல்லது அதற்கு மேல் என்றால் நீரிழிவு. ஆனால் அறிகுறி இல்லாதவருக்கு ஒரே ஒரு எண்ணை வைத்து முடிவு கட்டுவதில்லை, இரண்டாவது முறையோ இன்னொரு வகை டெஸ்டோ அதை உறுதி செய்ய வேண்டும்.

எளிது, எங்கும் கிடைக்கும், செலவு குறைவு. நீரிழிவு நன்றாகவே முற்றியிருந்தால் தப்பாது.

யூரினில் சர்க்கரை வந்தவருக்கு இதில் ஒரு பொறி இருக்கிறது. பெரும்பாலும் ஏரி வழிவது சாப்பிட்ட பிறகுதான். ஆரம்ப நிலையில் பலருக்குக் காலைச் சர்க்கரை 95 இருக்கும், சாப்பிட்ட ஒன்றரை மணி நேரத்தில் 210க்குப் போய்விட்டு இறங்கும். வெறும் வயிற்று டெஸ்டை மட்டும் எடுத்து, ‘நார்மல், யூரின் ரிப்போர்ட்தான் தப்பு’ என்று முடித்துக்கொண்டால் அந்த 210 யார் கண்ணிலும் படாது. அதனால் இதைத் தனியாக எடுக்காதீர்கள் என்பேன்.

மறைவான செலவு பட்டினி மட்டும் இல்லை. குழாயில் எடுத்த ரத்தம் சும்மா இருந்தால், அதிலுள்ள அணுக்கள் குளுக்கோஸைத் தின்றுகொண்டே இருக்கும், மணிக்கு 5 முதல் 7 சதவீதம்வரை. இதைத் தடுக்க ஃப்ளோரைடு போட்ட குழாயில் எடுத்தாலும் முதல் ஒன்றிரண்டு மணி நேரம் கொஞ்சம் இறங்கத்தான் செய்யும். வீட்டுக்கு வந்து ரத்தம் எடுத்துப் போகும் வசதி நல்லதுதான், ஆனால் அந்தக் குழாய் எத்தனை வீடு சுற்றிவிட்டு லேப் போய்ச் சேருகிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள். 126க்கும் 120க்கும் இடையே வாழ்நாள் முழுக்கத் தொடரும் ஒரு தீர்ப்பு இருக்கிறது.

## ஹெச்பிஏ1சி

மூன்று மாத டெஸ்ட் என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். சிவப்பணுவுக்கு ஆயுள் சுமார் 120 நாள். அந்தக் காலத்தில் ஹீமோகுளோபினில் எவ்வளவு சர்க்கரை ஒட்டியிருக்கிறது என்று அளந்தால், கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரி தெரிந்துவிடும். 5.7 சதவீதத்துக்குக் கீழ் இயல்பு, 5.7 முதல் 6.4 வரை எச்சரிக்கை, 6.5 தொட்டால் நீரிழிவு. 6 சதவீதம் என்றால் சராசரி ரத்தச் சர்க்கரை 126 வாக்கில், 7 என்றால் 154 வாக்கில்.

பட்டினி வேண்டாம். நேற்று ராத்திரி என்ன சாப்பிட்டோம் என்பதும் பெரிதாகப் பாதிக்காது. டெஸ்டுக்கு முந்தைய மூன்று நாள் மட்டும் நல்லபிள்ளையாக இருந்து லேபை ஏமாற்ற நினைப்பவர்களுக்கும் இது மடங்காது. அதனால்தான் எனக்கு இது பிடிக்கும்.

இது பொய் சொல்லும் ஆட்களின் பட்டியல் கொஞ்சம் நீளம். இரும்புச்சத்துக் குறைந்த ரத்தசோகை இருந்தால் சர்க்கரை ஏறாமலேயே எண் ஏறித் தெரியலாம். சிவப்பணு சீக்கிரம் அழியும் நோய், சமீபத்தில் பெரிய அளவில் ரத்தம் இழந்தது, ரத்தம் ஏற்றிக்கொண்டது, இவற்றில் எண் இறங்கித் தெரியலாம். கர்ப்பம், முற்றிய சிறுநீரகச் செயலிழப்பு, பரம்பரையாக வரும் ஹீமோகுளோபின் மாற்றங்கள், இங்கெல்லாம் இதை நம்பி முடிவெடுக்கக் கூடாது. ஹீமோகுளோபின் அளவு என்ன என்று தெரியாமல் ஹெச்பிஏ1சியை மட்டும் படிப்பது, தராசு சரியா என்று பார்க்காமல் எடை போடுவது மாதிரி. கூடவே ரத்த அணுக்களின் எண்ணிக்கையையும் பார்த்துவிடுங்கள்.

வேகமாக வரும் நீரிழிவில் இது பின்தங்கிவிடும். மூன்று வாரமாகத்தான் சர்க்கரை ஏறியிருக்கிறது என்றால் மூன்று மாதச் சராசரி இன்னும் அந்தச் செய்தியைக் கேள்விப்பட்டிருக்காது.

## குளுக்கோஸ் குடித்துப் பார்ப்பது

வெறும் வயிற்றில் ஒரு முறை ரத்தம். அப்புறம் 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்து ஐந்து நிமிடத்துக்குள் குடிக்க வேண்டும். இரண்டு மணி நேரம் கழித்து மறுபடி ரத்தம். 140க்குக் கீழ் இயல்பு, 140 முதல் 199 வரை எச்சரிக்கை, 200 என்றால் நீரிழிவு. மற்ற டெஸ்ட்கள் தவறவிடும் ‘சாப்பிட்ட பின் ஏற்றத்தை’ இது பிடித்துவிடும்.

இதன் விலை உங்கள் அரை நாள். நடக்கக் கூடாது, புகைக்கக் கூடாது, வெளியே போய்விட்டு வரலாம் என்பதெல்லாம் கிடையாது. திகட்டும் இனிப்பு சிலருக்குக் குமட்டும், வாந்தி எடுத்துவிட்டால் இன்னொரு நாள் முதலிலிருந்து.

யாரும் சொல்லாத ஒன்று: ரிப்போர்ட்டைப் பார்த்த பயத்தில் மாவுச்சத்தையே ஒதுக்கிவிட்டு ஒரு வாரம் இருந்தவர் இந்த டெஸ்டுக்குப் போனால், உடம்பு திடீரென்று வந்த குளுக்கோஸைச் சமாளிக்கத் தடுமாறும், எண் பொய்யாக ஏறும். டெஸ்டுக்கு முன் மூன்று நாளாவது வழக்கம்போலச் சாப்பிட வேண்டும், தினம் 150 கிராம் மாவுச்சத்தாவது உள்ளே போக வேண்டும். பத்தியம் இருந்தவருக்கு நீரிழிவு என்று வரும் வேடிக்கை இங்கே நடக்கும்.

கர்ப்பிணிகளுக்கு இது தனி முக்கியத்துவம் உள்ளது. கர்ப்ப காலத்தில் சிறுநீரகம் அதிகமாக வடிகட்டுகிறது, திரும்ப உறிஞ்சுவது குறைகிறது. அதனால் ரத்தத்தில் எல்லாம் சரியாக இருந்தும் யூரினில் சர்க்கரை வருவது சாதாரணம். கர்ப்பகால நீரிழிவு உண்டா இல்லையா என்பதை யூரினை வைத்து இரண்டு பக்கமும் முடிவு செய்ய முடியாது, ஹெச்பிஏ1சியும் கைகொடுக்காது. 24 முதல் 28 வாரத்துக்குள் இந்தக் குளுக்கோஸ் டெஸ்ட். 75 கிராம் முறையில் வெறும் வயிற்றில் 92, ஒரு மணியில் 180, இரண்டு மணியில் 153, இவற்றில் ஏதாவது ஒன்றைத் தொட்டாலே போதும். யூரினில் முன்கூட்டியே சர்க்கரை தெரிந்தால் 24 வாரம்வரை காத்திருக்க வேண்டுமா என்பதை டாக்டரிடம் கேட்டுவிடுங்கள், சில சமயம் முன்பே பார்க்கச் சொல்வார்.

## விரலில் குத்தும் மெஷின்

உடனே எண் தெரியும், எந்த நேரத்திலும் பார்க்கலாம். இதில் வரும் எண்ணைக் கொண்டு நீரிழிவு இருக்கிறது, இல்லை என்று தீர்ப்பு எழுதக் கூடாது. வீட்டு மெஷின்களுக்கான ஐஎஸ்ஓ 15197 தரம் 100க்கு மேற்பட்ட அளவில் 15 சதவீதம் வரை வித்தியாசத்தை அனுமதிக்கிறது. உண்மையான அளவு 120 என்றால் மெஷின் 102 காட்டினாலும் சரி, 138 காட்டினாலும் சரி, அது தரமான மெஷின்தான். ஒரு எண் ஆறுதல் தரும், இன்னொன்று தூக்கத்தைக் கெடுக்கும்.

பழம் உரித்த கையோடு குத்திப் பாருங்கள், ரத்தத்தில் இல்லாத சர்க்கரை விரலில் இருந்து வந்து சேர்ந்துவிடும். சோப்புப் போட்டுக் கழுவி, நன்றாகத் துடைத்துவிட்டுப் பார்க்க வேண்டும். ஈரம் இருந்தால் துளி நீர்த்துப்போகும்.

மெஷின் மலிவு, ஸ்ட்ரிப்தான் தொடர்செலவு. வாங்கும்போது மெஷினைப் பார்க்காமல் ஸ்ட்ரிப் எளிதில் கிடைக்குமா, ஒரு மாதத்துக்கு எத்தனை ஆகும் என்று பாருங்கள்.

நீரிழிவு உறுதியான பிறகு இதன் மதிப்பே வேறு. சாப்பிடும் முன் ஒரு முறை, சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து ஒரு முறை என்று ஜோடியாகப் பார்த்தால், எந்த வேளை உணவு உங்களை ஏற்றுகிறது என்று ஒரு வாரத்தில் பிடிபட்டுவிடும். யூரின் ஸ்ட்ரிப்பால் ஒருபோதும் இது முடியாது.

## ஒட்டும் சென்சார்

தோலுக்கடியில் ஒரு மெல்லிய இழை, பத்து முதல் பதினான்கு நாள்வரை (சில மாடல்களில் கொஞ்சம் கூடுதலாக) சில நிமிடத்துக்கு ஒரு முறை அளவு காட்டும். அது பார்ப்பது ரத்தத்தை அல்ல, செல்களுக்கு இடையிலுள்ள திரவத்தை. அதனால் ரத்தத்துக்குச் சில நிமிடம் பின்னால் நடக்கும். ஒரு பக்கமாகப் படுத்துச் சென்சாரை அழுத்தினால் இரவில் பொய்யாக இறங்கிக் காட்டும்.

இன்சுலின் போடுகிறவர்களுக்கும், தெரியாமலே சர்க்கரை தாழ்ந்துபோகிறவர்களுக்கும் இது வரப்பிரசாதம். யூரினில் ஒரு பிளஸ் வந்த ஆரோக்கியமான ஆளுக்கு? எலியைப் பிடிக்க மலையைக் கெல்லுவதாகும். நீரிழிவு இல்லாதவர்களுக்கும் சாப்பிட்ட பின் சில நேரம் 140ஐத் தாண்டும். அந்தக் கோடு போனில் ஏறி இறங்குவதைப் பார்த்துப் பார்த்து உணவின் மேலேயே வெறுப்பு வந்தவர்கள் இருக்கிறார்கள். மறைவான செலவு என்று நான் சொல்வது இதைத்தான்.

## ஒரே நேரத்தில் இரண்டும்

இது தனி டெஸ்ட் இல்லை, இரண்டை இணைக்கும் உத்தி. லேபில் தனியாக இப்படி ஒரு பேக்கேஜ் இருக்காது, நீங்கள்தான் கேட்க வேண்டும்.

காலையில் எழுந்ததும் பையில் இரவெல்லாம் சேர்ந்த யூரினை வெளியேற்றிவிடுங்கள், அது வேண்டாம். தண்ணீர் குடியுங்கள். அரை மணி நேரம் கழித்து ரத்தமும் யூரினும் ஒன்றாகக் கொடுங்கள். இந்த இரண்டாவது யூரின் கடந்த அரை மணி நேரத்தில் சேர்ந்தது, ரத்தம் அதே அரை மணியின் முடிவில் எடுத்தது. ரத்தத்தில் 92, யூரினில் இரண்டு பிளஸ் என்று வந்தால் ஏரி நிரம்பவில்லை, கலிங்கு தாழ்ந்திருக்கிறது. யூரினில் சர்க்கரை இல்லாவிட்டால், சாப்பிட்டு ஒன்றரை மணி நேரம் கழித்து இதையே திரும்பச் செய்யலாம். ரத்தம் 230, யூரினும் பாசிட்டிவ் என்றால் ஏரிதான் நிரம்பி வழிகிறது.

1776இல் மேத்யூ டாப்சன் என்ற ஆங்கிலேய மருத்துவர் நீரிழிவு நோயாளியின் சிறுநீரைக் காய்ச்சிச் சர்க்கரை மாதிரி ஒரு படிவை எடுத்துக் காட்டினார். அத்தோடு நிற்காமல், அந்த நோயாளியின் ரத்தச் சீரமும் இனிப்பாக இருந்ததைக் குறித்து வைத்தார். இரண்டையும் சேர்த்துப் பார்க்கும் புத்தி அவருக்கு அன்றே இருந்திருக்கிறது.

ரத்தம் எல்லா வகையிலும் இயல்பு, யூரினில் மட்டும் எப்போதும் சர்க்கரை என்றால், பெரும்பாலும் அது பரம்பரையாக வரும் சிறுநீரகச் சர்க்கரைக் கசிவு. எஸ்எல்சி5ஏ2 என்ற மரபணுவின் மாற்றத்தால் வருவது, பொதுவாகத் தீங்கில்லாதது. பத்தியம் வேண்டாம், மாத்திரை வேண்டாம். அண்ணன் தம்பிக்கும் அம்மாவுக்கும் கூட இருக்கலாம். ஆனால் யூரினில் புரதம், ரத்தத்தில் பாஸ்பேட்டோ பொட்டாசியமோ குறைவு, எலும்பு வலி என்று வேறு ஏதாவது சேர்ந்திருந்தால் சிறுநீரகக் குழல்களே சேதமடையும் ஃபான்கோனி நோய்க்குறியாக இருக்கலாம். டெனோஃபோவிர் போன்ற சில மருந்துகளாலும் அது வரும். அப்போது சிறுநீரக மருத்துவர்தான்.

## ஒரு பார்வையில்

| டெஸ்ட் | ஏரியா கலிங்கா என்று சொல்லுமா? | எந்தக் காலம் | எங்கே ஏமாற்றும் | மறைவான செலவு |
|---|---|---|---|---|
| யூரின் மட்டும் | சொல்லாது | பையில் சேர்ந்த சில மணி | வைட்டமின் சி, முதியவர், கர்ப்பிணி | வீண் நிம்மதி |
| வெறும் வயிற்றுச் சர்க்கரை | பாதி | அந்தக் காலைப் பொழுது | சாப்பிட்ட பின் மட்டும் ஏறுபவர் | பட்டினி, தாமதமான குழாய் |
| ஹெச்பிஏ1சி | பெரும்பாலும் | 2–3 மாதம் | ரத்தசோகை, ரத்தம் ஏற்றியவர், கர்ப்பிணி | கூடவே இன்னொரு ரத்த டெஸ்ட் |
| குளுக்கோஸ் குடிப்பது | சொல்லும் | 2 மணி நேரம் | பத்தியம் இருந்தவர் | அரை நாள், குமட்டல் |
| விரல் மெஷின் | தோராயமாக | அந்த நிமிடம் | கழுவாத கை | ஸ்ட்ரிப் |
| சென்சார் | தோராயமாக | 10 நாள் முதல் | அழுத்திப் படுப்பது | பணம், ஓயாத கவனம் |
| ரத்தம், யூரின் ஒன்றாக | நேரடியாக | அந்த அரை மணி | பையைக் காலி செய்யாவிட்டால் | கேட்டு வாங்க வேண்டும் |

## யாருக்கு எது?

அறிகுறி இல்லாத பெரியவர்: வெறும் வயிற்றுச் சர்க்கரை, ஹெச்பிஏ1சி, கூடவே அதே நேர யூரின். இரண்டு ரத்த முடிவும் நீரிழிவு எல்லையைத் தாண்டினால் அதுவே உறுதி, மூன்றாவது டெஸ்ட் தேவையில்லை. இரண்டும் முரண்பட்டால், எல்லை தாண்டியதை மட்டும் திரும்ப எடுக்க வேண்டும். இரண்டும் இயல்பு, ஆனாலும் சாப்பிட்ட பின் யூரினில் சர்க்கரை தொடர்கிறது என்றால் குளுக்கோஸ் டெஸ்ட்.

ரத்தசோகை உள்ளவர் ஹெச்பிஏ1சியை விட்டுவிட்டு நேராகக் குளுக்கோஸ் டெஸ்டுக்குப் போகலாம். தாகம், எடைக்குறைவு, அடிக்கடி சிறுநீர் என்று தெளிவான அறிகுறி உள்ளவருக்கு எந்த நேரத்தில் எடுத்த ரத்தமும் 200 தாண்டினாலே போதும், பட்டினி கிடக்கத் தேவையில்லை.

ஏற்கெனவே நீரிழிவு இருந்து, ‘யூரின் சுத்தமாகிவிட்டது, அப்போ கட்டுப்பாட்டில்தான் இருக்கிறது’ என்று நினைப்பவர் 170இலேயே வருடக்கணக்கில் இருக்கக்கூடும். அவருக்கு ஹெச்பிஏ1சியும் விரல் மெஷினும்தான். யூரின் ஸ்ட்ரிப்பில் அவருக்குப் பயன்படுவது கீட்டோன் கட்டம். காய்ச்சலோ வாந்தியோ வந்து சர்க்கரையும் ஏறியிருக்கும் நாளில் அதைப் பார்க்கலாம்.

ரத்தம் கொடுக்கப் போகும்போது பழைய யூரின் ரிப்போர்ட்டைக் கையோடு எடுத்துப் போங்கள். அதன் ஓரத்தில் பேனாவால் மூன்று விஷயம் எழுதிவிடுங்கள்: அந்த யூரின் எடுத்தது எத்தனை மணிக்கு, அதற்கு முன் கடைசியாக எப்போது சாப்பிட்டீர்கள், அந்த வாரம் என்னென்ன மாத்திரை உள்ளே போனது. வைட்டமின் மாத்திரை உட்பட.